சுட்டும் எண்ணும்: ‘டேம் 999’ சர்ச்சை – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

கடந்த காலத்தைப் பாடும் இலக்கியத்தை வரலாற்றோடும், நிகழ்காலத்தைப் பாடும் இலக்கியத்தை வாழ்க்கையோடும் ஒப்பிட்டு மதிப்பிடுதல் திறனாய்வு மரபு. வருங்காலத்தைக் கூறும் அறிவியல் புனைவுக்கு இத்தகைய ஒப்பீட்டுப் பொருள் இல்லை. ஆதலின் அது எந்த உண்மையோடும் மோதுவதில்லை என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும், தீராத வழக்கு ஒன்றை அத்தகைய புனைவு தொடும்பொழுது வரலாற்று நூலுக்கும் நிகழாத எதிர்ப்பு அதற்கு நிகழ்ந்துள்ளது. மேலை நாட்டில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ‘தி ஹை கிரவுண்ட்’ என்னும் நிகழ்ச்சிக்கும் (1990), தமிழ்நாட்டில் சோகன் ராய் இயக்கிய ‘டேம் 999’ என்னும் திரைப்படத்துக்கும் (2011) நேர்ந்தவை இதற்குச் சான்றாகும்.

‘டேம் 999’ தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது, கேரளத்தில் திரையிடப்பட்டது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட கோடு தேனி மாவட்டத்துக்கும் இடுக்கி மாவட்டத்துக்கும் இடையே மலைமுகடுகளின் வழியே செல்கின்றது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகியவை அக்கோட்டின் வாயில்கள். இவற்றுள் கம்பம்மெட்டை நோக்குநிலையாகக் கொண்டு, அப்படம் எழுப்பிய சர்ச்சையைத் தொல்காப்பியப் பொருளதிகாரக் கோட்பாடுகளின் துணையோடு மீண்டும் வாசிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். படம் முல்லைப் பெரியாற்றைப் பற்றி மிகுதியாகக் கூறிவிட்டது என்பதே தடைக்கான எண்ணம். உண்மையில் அது மிகக் குறைவாகவே கூறியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சுட்டிப் பெயர் கூறாமை என்னும் அளவுகோல்

மக்கள் எவரையும் சுட்டிப் பெயர் கூறுதல் அகத்திணைக்கு இல்லை என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் சுட்டப்படாத வரையில் பாட்டின் உணர்வு எவர்க்கும் உரியது. சுட்டப்பட்டவுடன் அது ஒருவர்க்கு உரியதாகிப் புறமாகின்றது. இந்நெறியின் கூர்மையைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை பற்றிய விவாதம் நன்கு விளக்குகின்றது. தலைவனைப் பிரிந்த அரசியின் துயரையும், பாசறையில் நள்ளிரவில் துயிலாத அரசனின் நிலையையும் கூறும் அப்பாட்டில் எவர் பெயரும் இல்லை. பாசறைக் காட்சியில் இடம்பெறும் வேலொன்றில் வேம்பு கட்டப்பட்டிருத்தல் மட்டும் கூறப்படுகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அவ்வொன்றைக் கொண்டே நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். பாட்டின் உணர்வு அகத்துக்குரியது என்று வாதிடுவோர் இன்றும் உளர்.

இந்நெறி மாந்தர் பெயரைப் பற்றியது. எனினும், ஒரு சிறு அடையாளம் ஒரு பனுவல் முழுவதையும் இடம் மாற்றிவிடக்கூடும் என்னும் இதன் உட்பொருள் பிற புனைவு வகைகளுக்கும் விரித்துக் கொள்ளத்தக்கது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது புலனெறி வழக்கம் என்பர். அறிவியல் புனைவில் நாடக வழக்கு மிக்கிருக்கும். கோளும் காலமும் மாந்தரும் கற்பனையாக இருப்பர். அப்புனைவினுள் உலகியல் வழக்கிலிருந்து எடுத்த அடையாளம் ஒன்று வேம்பு போலச் செருகப்படுமானால், காண்போர் முழுப் புனைவையும் அவ்வடையாளத்தின் வழியே காண்பர். ஈண்டு ஆயப்படும் இரு படைப்புகளிலும் அவ்வடையாளம் ஓர் எண்ணாக அமைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

2024 என்னும் எண்

1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்குப் பின் அதன் அடுத்த தலைமுறைத் தொடர் 1987 முதல் 1994 வரை ஒளிபரப்பானது. அதன் மூன்றாம் பருவத்து நிகழ்ச்சிகளுள் ஒன்று ‘தி ஹை கிரவுண்ட்’. மெலிண்டா ஸ்நாட்கிராஸ் எழுதிய இந்நிகழ்ச்சி ரூட்டியா என்னும் கற்பனைக் கோளில் நிகழ்கின்றது. அங்குத் தன்னாட்சி கோரும் அன்சாட்டா என்னும் பிரிவினர் குண்டுவெடிப்புகளை நிகழ்த்துகின்றனர். அவர்தம் தலைவன் ஃபின், விண்கலத்தின் மருத்துவரைச் சிறைப்பிடிக்கின்றான். இடம்விட்டு இடம் மறையும் கருவியைப் பயன்படுத்தி அவர்களின் உடல்கள் சிதைந்துவருகின்றன. அவர்களுக்கு மருத்துவர் தேவைப்படுகின்றார். ஃபின் ஓவியம் வரைபவன். தன்னை ஜார்ஜ் வாஷிங்டனோடு ஒப்பிட்டுப் பேசுபவன். முடிவில் காவல்துறைத் தலைவியால் அவன் சுடப்படுகின்றான். அவளை நோக்கித் துப்பாக்கியை நீட்டிய சிறுவன் ஒருவன் மருத்துவரின் சொல் கேட்டு அதனைத் தாழ்த்துகின்றான்.

கதையளவில் இது எந்த நாட்டையும் சுட்டவில்லை. இடையில் ஓர் உரையாடல் வருகின்றது. வன்முறை அரசியல் நோக்கத்தை ஈட்டித் தந்ததுண்டா என்னும் ஐயத்தை எழுப்பும் இயந்திர மனிதன் டேட்டா, அவ்வாறு ஈட்டித் தந்தவற்றுக்குச் சான்றாகச் சிலவற்றைக் கூறுகின்றான். அவற்றுள் ஒன்று 2024ஆம் ஆண்டில் நிகழ்ந்த அயர்லாந்து இணைப்பு. இவ்வொரு தொடரால் ரூட்டியா வட அயர்லாந்தாகியது; அன்சாட்டா அயர்லாந்துக் குடியரசுப் படையாகியது. நாள்தோறும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட தொடர் அது. பிரிட்டனில் அந்நிகழ்ச்சி நெடுங்காலம் முழுமையாக ஒளிபரப்பப்படவில்லை. 2007இல்தான் பி.பி.சி. அதனை ஒளிபரப்பியது. அதற்குள் 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்பாடு ஏற்பட்டு ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

2024ஆம் ஆண்டும் வந்து சென்றது. அயர்லாந்து இணையவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் இணைப்பை வேண்டும் கட்சியைச் சேர்ந்த மிஷல் ஓ’நீல் வட அயர்லாந்தின் முதலமைச்சரானார்; அது வாக்குச்சீட்டின் வழி நிகழ்ந்தது. புனைவு கூறிய ஆண்டு பொய்த்தபின் அந்நிகழ்ச்சியைக் காண்போர்க்கு அவ்வெண் அச்சம் தருவதில்லை. சிறுவன் தாழ்த்திய துப்பாக்கியே இப்பொழுது கண்ணில் படுகின்றது. வன்முறையாளனையும் காவலரையும் ஒருங்கே ஐயுற்ற அதன் நடுநிலையும், அந்நடுநிலையின் போதாமைகளும் இன்று அமைதியாக விவாதிக்கப்படுகின்றன. வேம்பு உதிர்ந்தபின் பாட்டை வாசித்தல் இயல்கின்றது.

999 என்னும் எண்

கப்பற்பொறியியல் துறையிலிருந்து திரைத்துறைக்கு வந்த சோகன் ராய், அணைகளின் ஆபத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை முதலில் எடுத்தார். அதன் வளர்ச்சியாக ஆங்கிலத்தில் முப்பரிமாணத் தொழில்நுட்பத்தில் உருவானது ‘டேம் 999’. வினய், விமலா ராமன், ஆசிஷ் வித்யார்த்தி முதலாகத் தமிழ்த் திரை காண்போர்க்கு அறிமுகமான பலர் அதில் நடித்திருந்தனர். சீனத்தின் ஹெனான் மாநிலத்துப் பான்சியாவ் அணை 1975 ஆகஸ்டில் புயல் மழையால் உடைந்த பேரழிவே படத்துக்குத் தூண்டுதல் என்று இயக்குநர் கூறினார். அப்பேரழிவில் மாண்டோர் தொகை இருபத்தாறாயிரம் முதல் இரண்டு இலட்சத்துக்கும் மேல் எனப் பலவாறு மதிப்பிடப்படுகின்றது. தலைப்பிலுள்ள ஒன்பதுகள் நவரசங்களைக் குறிப்பன என்பதும் படக்குழுவின் விளக்கம்.

தமிழ்நாட்டில் அவ்வெண் வேறுவகையாக வாசிக்கப்பட்டது. திருவிதாங்கூர் அரசுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டானிய அரசுச் செயலருக்கும் இடையே 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான பெரியாறு குத்தகை ஒப்பந்தத்தின் காலம் 999 ஆண்டுகள். பென்னிகுவிக் முன்னின்று கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. 1979இல் பாதுகாப்பு குறித்த ஐயம் எழுந்தபின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது, அணை வலுப்படுத்தப்பட்டது. 2006 பிப்ரவரியில் 142 அடிவரை தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த மாதமே கேரள அரசு சட்டத் திருத்தத்தின் வழி அதனைத் தடுத்தது. வழக்கு மீண்டும் நீதிமன்றம் சென்றது. 2010இல் நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அமைந்த குழு ஆய்வு நடத்திக்கொண்டிருந்த காலத்தில், 2011இன் பிற்பகுதியில், இடுக்கி மாவட்டத்தில் நில அதிர்வுகள் உணரப்பட்டன. புதிய அணை வேண்டும் என்னும் கோரிக்கை கேரளத்தில் வலுத்தது. அந்நிலையில் 2011 நவம்பர் 25 படம் வெளியாகும் நாளாக அறிவிக்கப்பட்டது.

அதற்கு முதல்நாள் தமிழ்நாட்டரசு படத்தைத் தடைசெய்தது. பொது அமைதி காரணமாகக் காட்டப்பட்டது. தமிழ்நாட்டுக் கட்சிகளின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தயாரிப்புத் தரப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியும் படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவில்லை. தணிக்கைச் சான்று பெற்ற படம் ஒன்று ஒரு மாநிலத்தில் மட்டும் காணப்படாத பனுவலாயிற்று.

சீனத்துப் பேரழிவே பொருள் எனின் தலைப்புக்கு அவ்வெண் தேவையில்லை. நவரசமே பொருள் எனின் ஒரே ஒன்பது போதும். குத்தகைக் காலத்தை அறிந்த எவரும் அதனைத் தற்செயல் என்று கொள்ளார். ஆகவே, அவ்வெண்ணைச் சுட்டாகக் கொண்ட தமிழ்நாட்டு வாசிப்பு பிழையானது என்று கூறுவதற்கில்லை. வேம்பு கண்டு பாண்டியனைக் கருதிய உரையாசிரியரின் வாசிப்பைப் போன்றதே அது. ஆனால், நச்சினார்க்கினியர் பாட்டு முழுவதையும் வாசித்து உரை கண்டார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

நவரசங்களை அடிப்படையாகக் கொண்டதாகக் கூறும் படைப்பைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கொண்டு அளத்தல் பொருத்தமுடையதாகும். தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் பிறக்கும். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றில் பிறப்பது மருட்கை. அறிவியல் புனைவுக்கு இயல்பான மெய்ப்பாடு இதுவே எனலாம். காணாத கோளின் புதுமையும் விண்வெளியின் பெருமையும் காண்போரை மருள வைக்கின்றன. அப்புனைவு அறிந்த ஒரு பொருளைச் சுட்டிவிடின் மருட்கை குன்றி அச்சம் தோன்றுகின்றது. ‘தி ஹை கிரவுண்ட்’ நிகழ்ச்சியில் ஒரு கணமும், ‘டேம் 999’ படத்தில் தலைப்பு முதலாகவும் நிகழ்ந்தது இம்மாற்றமே.

அச்சத்தின் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. அணை பற்றிய அச்சம் இவற்றுள் எதில் அடங்கும் என்னும் வினா முதன்மையானது. நில அதிர்வும் பெருமழையும் கண்ணுக்குப் புலனாகாது வருத்தும் ஆற்றல்கள். அவற்றை அணங்கின்பாற் படுத்தலாம். ஆனால், அணை மனிதர் கட்டியது. அதன் மதகைத் திறப்பதும் மூடுவதும் அரசின் செயல். ஆதலின் இவ்வச்சத்தின் பெரும்பகுதி இறையின்பாற்பட்டது.

தொல்காப்பியர் ‘தம் இறை’ என்றே கூறுகின்றார். ஒருவன் தன் அரசனுக்கு அஞ்சுவான். அவ்வரசனிடமே முறையிடவும் செய்வான். முல்லைப் பெரியாற்றில் இவ்வியல்பு மாறுபடுகின்றது. அணை அமைந்த நிலம் கேரளத்தினது. அதனை இயக்குவது தமிழ்நாட்டரசின் நீர்வளத் துறை. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழ்வோர், தாம் வாக்களிக்காத ஓர் அரசின் மதகுக்கு அஞ்சுகின்றனர். மலைக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர், தாம் வாக்களிக்காத ஓர் அரசின் சட்டத்துக்கு அஞ்சுகின்றனர். இரு சாராரும் அஞ்சுவது பிறர் இறைக்கே. முறையிடுதற்கு உரிய இடம் இல்லாத அச்சம் இது. ஒன்றே பொருள், அதன் இருபுறத்தும் ஒரே வகையான அச்சம் எதிரெதிராக நிற்கின்றது. இவ்வழக்கின் உள்ளீடு இதுவே எனலாம்.

மேற்கே உள்ளோரின் அச்சம் பொய்யன்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் கட்டப்பட்டு நூற்றாண்டு கடந்த அணையின் கீழே உறங்குவோர் மழைக்காலத்தில் விழித்திருத்தல் இயல்பே. சப்பாத்தில் நடைபெற்ற நெடுநாள் தொடர் உண்ணாநோன்பு அதன் வெளிப்பாடு. ஆனந்த் குழு 2012இல் அணை பாதுகாப்பானது எனக் கூறி, 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு 142 அடிக்கு இசைவளித்த பின்னரும், 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் 2024 சூலையில் வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவும் அவ்வச்சத்தைப் புதுப்பித்தன.

கிழக்கே உள்ளோரின் உணர்வு அழுகையின்பாற்பட்டது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அதன் நிலைக்களன்கள். பெரியாற்று நீர் வருவதற்கு முன் மதுரை, இராமநாதபுரச் சீமைகளை வருத்திய பஞ்சங்களின் நினைவு வறுமையைச் சார்ந்தது. வந்த நீர் மீண்டும் போய்விடுமோ என்பது இழவைச் சார்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்நீரை நம்பியது. அதற்கப்பால் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் அதனால் பயன்பெறுகின்றன. பென்னிகுவிக்கின் படம் இப்பகுதி வீடுகளில் மாட்டப்படுவதும், அவர் பெயர் குழந்தைகளுக்கு இடப்படுவதும், லோயர் கேம்பில் 2013 சனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டதும் கொடை பற்றிய பெருமிதத்தின் அடையாளங்கள் மட்டுமல்ல. கிடைத்ததை இழக்க நேருமோ என்னும் கலக்கமும் அவற்றுள் உண்டு.

படைப்பின் குறைபாடு

இவ்விருவகை உணர்வுகளையும் வைத்து நோக்கும்பொழுது ‘டேம் 999’ படத்தின் குறைபாடு வெளிப்படுகின்றது. அதன் கதையோட்டத்தில் கப்பல் பணியாளன் ஒருவனின் குடும்ப உறவுகளும், ஆயுர்வேதமும், சோதிடமும் பெரும் இடம் பெறுகின்றன. அணையின் அழிவுக்கு ஊழல் நிறைந்த நகரத் தலைவர் காரணமாக்கப்படுகின்றார். அஃதாவது, அச்சத்தின் நிலைக்களன் ஒருபுறம் அணங்காகவும் மறுபுறம் தம் இறையாகவும் மட்டும் அமைக்கப்பட்டுள்ளது. பிறர் இறை என்னும் சிக்கல் படத்துள் நுழையவே இல்லை. நீரைப் பெறும் நிலம் ஒன்று உண்டு என்பதும், அந்நீர் இல்லையேல் அங்குள்ளோர் என்னாவர் என்பதும் கதையின் வினாக்களாகவில்லை.

அறிவியல் புனைவு என்ற வகையிலும் இது குறையே. ‘இவ்வாறு நேரின் என்னாகும்’ என்று வினவி, காரண காரியத் தொடர்ச்சியால் விடை தேடுவது அவ்வகையின் நெறி. அணை எவ்வாறு மூப்படைகின்றது, கசிவு எவ்வாறு அளக்கப்படுகின்றது, எச்சரிக்கை எவரிடமிருந்து எவர்க்குச் செல்கின்றது என்பனவே பான்சியாவ் பேரழிவு விட்டுச்சென்ற வினாக்கள். அங்கு மதகுகளின் போதாமையும் புயலிரவில் செய்தித்தொடர்பு அற்றமையும் அழிவைப் பெருக்கின. இவ்வினாக்களைப் பின்தொடரும் படைப்பாக அமைந்திருப்பின், இரு மாநிலத்தார்க்கும் பயன்படும் எச்சரிக்கை இலக்கியமாக அது நின்றிருக்கும். கோள்நிலைகள் அழிவை முன்னுரைக்கும் இடத்தில் பொறியியல் வினாக்களுக்கு வேலையில்லை.

ஆக, முல்லைப் பெரியாற்றின் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டது. அதன் பொருளை எடுத்துக்கொள்ளவில்லை. நெடுநல்வாடையில் வேம்பை நீக்கினும் பாட்டு நிற்கும். இப்படத்திலிருந்து 999 என்பதை நீக்கின் அதனை எவரும் விவாதித்திருக்கமாட்டார் என்பதே அதன் தகுதி பற்றிய தீர்ப்பாகும்.

கம்பம்மெட்டிலிருந்து காணல்

மெட்டு என்பது தேனிப் பகுதி வழக்கில் மலைமேட்டையும் அதன்மீதேறும் வழியின் தலையையும் குறிக்கும். கம்பத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளாக ஏறும் சாலை கம்பம்மெட்டில் முகடு தொட்டு, நெடுங்கண்டம், கட்டப்பனை நோக்கி இறங்குகின்றது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிச்சென்று மாலையில் திரும்புவர். காய்கறியும் அரிசியும் பாலும் அவ்வழியே மேலேறுகின்றன. ஏலமும் மிளகும் கீழிறங்குகின்றன. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது தேவிகுளமும் பீர்மேடும் எப்பக்கம் என்பது போராட்டப் பொருளாயிற்று. கோடு வரையப்பட்ட பின்னும் மக்கள் அதனைக் கடந்து வாழ்வதை நிறுத்தவில்லை.

2011 டிசம்பரில் அவ்வாழ்வு நின்றது. குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போக்குவரத்துத் தடைப்பட்டது. தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் தாக்குதலுக்கு அஞ்சித் திரும்பினர். தேனி மாவட்டத்தில் மலையாளிகளின் கடைகளும் உடைமைகளும் தாக்கப்பட்டன. பல்லாயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கி அணிவகுத்தனர். தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இக்கொந்தளிப்பைப் படம் உண்டாக்கியது என்று கூறுதல் மிகையாகும். நில அதிர்வும் வழக்கும் அரசியலும் அதன் காரணங்கள். எனினும், தடையும் கொந்தளிப்பும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தமையால் அணை பற்றிய கற்பனைக்கும் அணை பற்றிய வழக்குக்கும் வேறுபாடு மறைந்துபோயிற்று.

இம்முகட்டிலிருந்து காணும்பொழுது இருதரப்புக் கதைகளிலும் விடுபட்ட மாந்தர் இருவர் புலப்படுகின்றனர். ஒருவர், கம்பத்திலிருந்து நாள்தோறும் ஏறிச்செல்லும் ஏலத்தோட்டப் பெண். கீழே வயலுக்கு வரும் நீர் பெரியாற்றினது. மேலே அவளுக்குக் கிடைக்கும் கூலி இடுக்கியினது. எல்லை மூடப்பட்டால் முதலில் அடுப்பு அணைவது அவள் வீட்டில். மற்றொருவர், அணைக்குக் கீழே முதலில் அமைந்த ஊர்களுள் ஒன்றாகிய வண்டிப்பெரியாற்றின் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. அங்குள்ள தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோருள் பெருந்தொகையினர் தலைமுறைகளாகத் தமிழ் பேசுவோர். அணை உடையும் என்று கற்பனை செய்யின் வெள்ளம் முதலில் சேர்வது அவர்களின் லயங்களை. நீர் வேண்டுவோர் தமிழர், அஞ்சுவோர் மலையாளி என்று இருதரப்பும் வகுத்துக்கொண்ட பாகுபாடு இவ்விருவர் முன்னும் நில்லாது. அஞ்சும் தமிழரை மறந்து தமிழ்நாட்டில் பேசப்பட்டது. தமிழர்நீரால் விளைந்த காய்கறியும் அரிசியும் தம் சந்தைக்கு வருவதை மறந்து மேற்கே பேசப்பட்டது.

வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் குடிகோளைத் தொல்காப்பியர் கூறுகின்றார். குடியும் சுற்றமும் கேடுறச் சூழ்தல் என்பது அதன் உரைவழிப் பொருள். தம் குடிக்குக் கேடு சூழப்படுகின்றது என்று இருதரப்பும் வெகுண்டன. குடி என்பதன் எல்லையை மாநில எல்லையோடு ஒன்றாகக் கொண்டமையால் மெட்டில் வாழும் குடி இரண்டுக்கும் வெளியே நின்றது.

தடையும் வாசிப்பும்

பிரிட்டனில் நிகழ்ந்ததும் தமிழ்நாட்டில் நிகழ்ந்ததும் ஒரு வகையில் ஒத்தவை. வேறொரு வகையில் மாறுபட்டவை. அங்குத் தவிர்க்கப்பட்ட நிகழ்ச்சி, வழக்கு ஓரளவு தணிந்தபின் திரும்பி வந்தது, வாசிக்கப்பட்டது, அதன் நிறைகுறைகள் பேசப்பட்டன. இங்கு வழக்கு தணியவில்லை, படமும் வாசிக்கப்படவில்லை. முன்னோட்டக் காட்சிகளையும் தலைப்பையும் கொண்டே தமிழ்நாட்டில் அதன் பொருள் முடிவு செய்யப்பட்டது. வலுவற்ற படைப்பு ஒன்று, தடையினால், தன் வலுவின்மை வெளிப்படாமல் தப்பியது. அதனை மறுத்து எழுதப்பட்டிருக்க வேண்டிய திறனாய்வும், அதற்கு எதிராகத் தமிழில் புனையப்பட்டிருக்க வேண்டிய கதையும் எழாமற் போயின.

தடைக்கு ஆதரவான வாதத்தையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். உணர்வுகள் கொதித்த வாரத்தில் அணை உடையும் காட்சியை முப்பரிமாணத்தில் திரையிட்டிருப்பின், எல்லையில் அடிபட்டவர் தொகை கூடியிருக்கக்கூடும். மக்கள் உயிர் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. இவ்வாதம் ஒரு வாரத்துக்கும் ஒரு மாதத்துக்கும் பொருந்தும். கொதிப்பு அடங்கிய பின்னும் வாசிப்பு தொடங்காமையை இவ்வாதத்தால் விளக்க இயலாது. 2025இல் வெளிவந்த ‘எம்புரான்’ என்னும் மலையாளப் படத்தில் அணை பற்றி வந்த பகுதிகளுக்குப் பெரியாற்றுப் பாசன உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்தம் வருத்தத்துக்குக் காரணம் உண்டு. அணை உடையும் என்று மீண்டும் மீண்டும் கூறப்படும் கற்பனை, நாளடைவில் அணையை அகற்றுதற்குரிய சான்று போல ஆகிவிடும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். ஆயின், பதினான்கு ஆண்டுகளில் எதிர்ப்பின் மொழி மாறவில்லை என்பது கருதத்தக்கது. அணை உடையும் கதைகள் மேற்கே மேலும் மேலும் எழுகின்றன. நீர் வாராத ஆண்டின் கதை கிழக்கே திரையில் எழவில்லை. அச்சத்துக்குப் புனைவு இருக்கின்றது. அழுகைக்கு மனுவும் மறியலும் மட்டுமே இருக்கின்றன. இச்சமனின்மையைத் தடையால் சரிசெய்ய இயலாது.

முடிவுரை

‘தி ஹை கிரவுண்ட்’, ‘டேம் 999’ ஆகிய இரண்டிலும் கற்பனை உலகினுள் செருகப்பட்ட ஓர் எண்ணே சர்ச்சைக்கு வித்தாயிற்று. அகத்தைப் புறமாக்கும் சுட்டு பற்றிய தொல்காப்பிய நெறியும், நெடுநல்வாடை பற்றிய உரை விவாதமும் இந்நிகழ்வை விளக்கும் அளவுகோலாக அமைகின்றன. எண்ணைச் சுட்டாகக் கொண்ட வாசிப்பு நேரியது. அவ்வெண்ணோடு வாசிப்பை நிறுத்தியமை குறைபாடு.

மெய்ப்பாட்டியல் நோக்கில், முல்லைப் பெரியாறு பற்றிய அச்சம் ‘தம் இறை’ என்னும் நிலைக்களனை விஞ்சிப் ‘பிறர் இறை’ என்னும் புதிய நிலைக்களனில் பிறக்கின்றது. இரு சாரார்க்கும் பொதுவான இவ்வச்சத்தை ‘டேம் 999’ காணவில்லை. முல்லைப் பெரியாற்றைப் பற்றிக் கூறியது என்பதற்காகத் தடைசெய்யப்பட்ட படம், அதைப் பற்றிக் கூறவேண்டியதைக் கூறாமையால் திறனாய்வுக்கு உள்ளாகியிருத்தல் வேண்டும்.

வண்டிப்பெரியாற்று லயத்தில் மழையிரவில் விழித்திருப்போரையும், கம்பம்மெட்டுச் சாலையில் விடியற்காலை ஜீப்பில் ஏறுவோரையும் ஒரே கதைக்குள் கொண்டுவரும் புனைவு இருமொழிகளிலும் இன்னும் எழுதப்படவில்லை. அத்தகைய புனைவு எழுமாயின், அது எவ்வெண்ணைத் தலைப்பாகக் கொண்டாலும் மெட்டின் இருபுறத்தும் வாசிக்கப்படும்.